வஸந்த ருதுவும் திருநீர்மலை வழி மரங்களும்

கீதையின் பத்தாவது அத்தியாயத்தில் பகவான் தன் விபூதிகளை எடுத்துரைக்குமிடத்து, ருதுக்களுள் வஸந்தமாகத் தன்னை அருளிச்செய்தான். அங்கே வழங்கப்பட்ட பதம் குஸுமாகரம் என்பது. பூக்களின் சுரங்கம் என்று அதற்குப் பொருள். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் ஆகிய ஊர்களில் வாழ்வோர்க்கு இப்பதத்திற்கு வியாக்கியானம் தேவையில்லை. பங்குனி பிறந்தால் வீதியோரத்து மரங்களே அதைச் செய்துவிடும்.

பல்லாவரத்திற்கு மேற்கே நிற்கும் திருநீர்மலை, பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்த திவ்யதேசம். தோயாத்ரி என்பது இதன் வடமொழித் திருநாமம்; தோயம் என்பது நீர். மலையைச் சூழ்ந்த நீர் வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதங்கள் காத்திருந்து ஸேவித்தார் என்பது ஸ்தல ஐதிஹ்யம். பங்குனியிலும் சித்திரையிலும் இங்கு நடைபெறும் உத்ஸவங்களுக்கு வரும் அன்பர்கள், வழியிலுள்ள மரங்களையும் பெயரறிந்து கண்டு வருதல் நலம்.

இப்பகுதிக்கு மழை தருவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே. அதன்பின் நிலம் வறளத் தொடங்கும். மரங்கள் பல தை, மாசியில் இலையை உதிர்த்து நீர்ச்செலவைச் சுருக்கிக்கொள்கின்றன. இலையற்ற கிளையில் மலர்ந்த பூ வண்டுக்கும் பறவைக்கும் தொலைவிலிருந்தே புலப்படும். வெயில் ஏறுகின்ற காலத்தில் பூக்கள் மிகுவது வியப்பாகத் தோன்றினும், அதன் காரணம் இதுவே.

முதலில் கண்ணில் படுவது புரசு. இலை உதிர்ந்தபின் தீப்பிழம்பு போல் பூக்கும். அதன் வளைந்த இதழ் கிளியின் மூக்கை ஒத்திருத்தலால், ‘இது கிளியோ?’ என்று வினவுவதுபோல் கிம்சுகம் என்று வடமொழியார் பெயரிட்டனர். அழகிருந்தும் மணமில்லாத இம்மலரைக் கல்வியில்லாத குலமகனுக்கு உவமையாகச் சொல்வது ஸம்ஸ்கிருதம் பயிலும் சிறுவர் யாவரும் அறிந்ததே. சென்னையின் புரசைவாக்கம் இம்மரத்தால் பெயர் பெற்ற ஊர். மாவிலங்கு, வருணம் எனப்படுவது. வெண்மையாக மலர்ந்து மஞ்சளாக மாறும். புங்கமரம் புதுத்தளிரும் பூவுமாக நின்று தரையில் வெளிர்நிறக் கம்பளம் விரிக்கும். வேம்பின் பூ சித்திரை முதல் நாள் பச்சடிக்கு உரியது. சரக்கொன்றையோ பரமசிவனுக்கு உகந்தது. பெருமாள் ஸந்நிதியில் அதனைச் சாற்றும் வழக்கமில்லை. வழிநடையில் அதன் பொன்னிறச் சரங்களைக் கண்டு களிக்க வைஷ்ணவர்க்கு யாதொரு தடையும் இல்லை.

தாம்பரத்தார் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சோலை ஒன்று உண்டு. 1937-ஆம் ஆண்டு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரினின்றும் இங்கு வந்தபோது, சேலையூர்க் காட்டைச் சேர்ந்த ஏறத்தாழ 365 ஏக்கர் நிலம் அதன் வளாகமாயிற்று. முட்புதர் மிகுந்திருந்த அவ்விடத்தில் மரங்களை நட்டு வளர்ப்பதில் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவருடைய மனைவியாரும் பெரும் பங்கு கொண்டனர். வேதியியலார் ஒருவர் தாவர நூலிலும் வல்லவராயிருந்தது குறிப்பிடத்தக்கது. பார்ன்ஸ் என்னும் அவர் பெயர் கொண்ட தாவரங்களும் உண்டு. மரம் வைத்தவர் எந்த மதத்தவராயினும் நிழல் எல்லோர்க்கும் பொதுவன்றோ! தெற்கே வண்டலூரில் 1985-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அறிஞர் அண்ணா உயிரியற் பூங்காவும் காட்டுநிலத்தையே இடமாகக் கொண்டது.

இச்செல்வம் குறைந்தும் வருகிறது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வார்தா புயலில் சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றுள் தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை முதலிய அயல்நாட்டு மரங்கள் மிகுதி. விரைவில் நிழல் தருமென்று சாலைதோறும் நட்டவை அவை. மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. அதன் செம்மலரை யாரும் குறைகூற இயலாது. ஆயினும் அதற்காக மெதுவாய் வளரும் புன்னையையும் மகிழையும் மறந்தது தவறே. திருவரங்கத்தில் ஸ்தலவிருக்ஷமாய் நிற்பது புன்னை. வெண்ணிதழும் நடுவே பொன்னிறக் கேஸரங்களுமாய் மலர்வது. அதன் விதையின் எண்ணெய் முன்னாளில் விளக்கெரிக்கவும் பயன்பட்டது.

மகிழம் வைஷ்ணவர்க்கு இன்னும் நெருங்கியது. வடமொழியில் வகுளம் எனப்படும் இதன் மாலையை அணிந்தமையால் நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்ற திருநாமம் வாய்த்தது. உடையவரின் நியமனப்படி அனந்தாழ்வான் திருமலையில் நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கர்யம் செய்த வரலாறும் யாவரும் அறிந்ததே. இன்று மாலைகள் பெரும்பாலும் அங்காடியிலிருந்தே கோயிலுக்கு வருகின்றன. கோயிலுக்கு அருகில் வீட்டு முற்றமோ தெருவோரமோ இடமிருப்போர் மகிழங்கன்று ஒன்றை ஆடி, ஆவணியில் வைத்தால், ஐப்பசி மழைக்குள் அது வேர் பிடித்துவிடும். பூப்பதற்குச் சில ஆண்டுகள் பொறுத்திருக்கவேண்டும். பூத்தபின், மரத்தில் ஏறிப் பறிக்கவேண்டிய சிரமம் இல்லை. விடியற்காலையில் தானே உதிரும்; அடியில் தூய வெள்ளைத் துணி விரித்து ஏற்றுக்கொள்ளலாம். வாடி உலர்ந்து நெடுநாள் ஆனபின்னும் அதன் மணம் போவதில்லை.