லேப்டாப் போர்டை வீட்டு சர்வராக்கும் முன்

திரை உடைந்தோ கீல் பிய்ந்தோ அலமாரியில் கிடக்கும் லேப்டாப்பில் மதர்போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பிராசசர் 15 வாட் வகையாக இருந்தால், வேலை இல்லாத நேரத்தில் போர்டு 10 வாட் அளவிலேயே ஓடும். ஆண்டு முழுக்க அணைக்காமல் வைத்தாலும் 88 யூனிட்தான் ஆகும். குடும்பப் படங்களைச் சேமிக்கவும், பை-ஹோல் வைத்து விளம்பரங்களைத் தடுக்கவும், ஜெல்லிஃபின் வழியாக டிவியில் சினிமா பார்க்கவும் இதுவே தாராளம். இப்படிப்பட்ட போர்டை எடைக்குப் போட எனக்கு மனம் வருவதில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கூட்டைக் கழற்றிய பிறகும் போர்டு தன்னை லேப்டாப் என்றே நம்பிக்கொண்டிருக்கும். பேட்டரி எங்கே, மூடி எங்கே, என் அடாப்டர் எங்கே என்று தேடும். கீழே உள்ளவற்றில் பாதி அந்தத் தேடலைச் சமாளிக்கும் வழிகள்தான்.

செய்ய வேண்டியவை

• ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் பயாஸ் வேலையை முடியுங்கள். பயாஸ் பாஸ்வேர்டு இருந்தால் நீக்குங்கள். அடாப்டரில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். திங்க்பேட், டெல் வகைகள் பலவற்றில் இருக்கிறது. இருந்தால் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் யாராவது பட்டனை அழுத்தியாக வேண்டும். நெட்வொர்க் வழியாகவே ஆன் செய்ய உதவும் வேக்-ஆன்-லேன் இருந்தால் அதையும் போட்டு வையுங்கள்.

• முழு லேப்டாப்பாக இருக்கும்போதே பேட்டரியை மட்டும் கழற்றி, அடாப்டரில் ஓட்டிப் பாருங்கள். சில மாடல்கள் பேட்டரி இல்லையென்றால் பிராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும், சில ஆன் ஆகவே மறுக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் மேலே போக வேண்டும். தனியாகவும் ஓடும்படி வடிவமைத்த லேப்டாப் போர்டும் உண்டு: ஃப்ரேம்வொர்க் நிறுவனம் 2022 முதல் தன் மெயின்போர்டைத் தனியாகவே விற்கிறது, பெட்டி செய்வதற்கான வரைபடங்களையும் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது.

• பவர் பட்டனைப் பத்திரப்படுத்துங்கள். பல மாடல்களில் அது மெயின் போர்டில் இருக்காது. ஒரு சின்னத் துணைபோர்டில் இருந்து, நகத்தளவு அகலமுள்ள ரிப்பன் கேபிள் வழியாக வரும். அந்தக் கேபிளைப் பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும். கனெக்டரின் தாழ்ப்பாளை நகத்தால் மெல்லத் தூக்கிவிட்டு உருவுங்கள். சில மாடல்களில் பட்டன் கீபோர்டிலேயே இருக்கும். அப்போது கீபோர்டையும் விட முடியாது.

• ஹீட்சிங்க், ஃபேன் இரண்டும் போர்டோடு வர வேண்டும். ஹீட்சிங்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, புதியது வைத்து, அருகில் அச்சிட்டிருக்கும் எண் வரிசைப்படி ஸ்க்ரூக்களை இறுக்குங்கள்.

• மரப்பலகையிலோ அக்ரிலிக் தகட்டிலோ ஸ்பேசர் வைத்து, போர்டின் அடியில் காற்று போகும்படி பொருத்துங்கள்.

• லினக்ஸில் மூடி மூடினால் தூங்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். ‘லாகின்ட்’ அமைப்புக் கோப்பில் ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச் என்ற வரிக்கு ‘இக்னோர்’ என்று கொடுத்தால் போதும். மூடியை உணர்வது காந்தத்தை அறியும் ஒரு குட்டி சென்சார். ஸ்பீக்கரை அருகே வைத்தாலே, மூடிவிட்டார்கள் என்று நினைத்து சர்வர் உறங்கிப்போகலாம்.

• நேரத்தைக் காக்கும் நாணய பேட்டரி பழசாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள். அது தீர்ந்துவிட்டால் நீங்கள் செய்த பயாஸ் மாற்றங்கள் அழிந்துபோகலாம்.

செய்யக்கூடாதவை

• உப்பிய பேட்டரியை ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள். நல்ல பேட்டரி என்றால் கரண்ட் போகும் நேரத்துக்கு அதுவே யூபிஎஸ். ஆனால் ஆண்டுக்கணக்கில் நூறு சதவீத சார்ஜிலேயே விட்டால் அதுவும் உப்பலாம். உங்கள் மாடலில் வசதி இருந்தால் 60 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தி வையுங்கள்.

• பின் பொருந்துகிறது என்பதற்காக ஏதோ ஒரு அடாப்டரைச் சொருகாதீர்கள். வோல்டேஜ் ஒன்றாக இருக்க வேண்டும், வாட் குறையக்கூடாது. டெல் அடாப்டரின் நடுவே உள்ள மெல்லிய ஊசி, தான் யார் என்பதை போர்டுக்குச் சொல்கிறது. அந்தத் தகவல் வராவிட்டால் பேட்டரி சார்ஜ் ஆகாது, பிராசசரும் ஆமை வேகத்தில் ஓடும்.

• ஆன் செய்த போர்டை வெள்ளி நிற ஆன்டி-ஸ்டாட்டிக் கவர்மேல் வைக்காதீர்கள். அதன் வெளிப்புறம் ஓரளவு மின்சாரம் கடத்தும்.

• யூஎஸ்பி போர்ட்டின் கரண்டை மட்டும் நம்பி இரண்டு மூன்று ஹார்டு டிஸ்க்குகளை மாட்டாதீர்கள். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். போர்டிலேயே எம்.2 இடம் காலியாக இருந்தால் அதுதான் முதல் தேர்வு.

• படங்களின் ஒரே பிரதியை இதில் வைக்காதீர்கள். ஏற்கெனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்த போர்டு இது.

• வெளியிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். திறந்த சில மணி நேரத்திலேயே முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து லாகின் முயற்சிகள் வரத் தொடங்கிவிடும். அதற்குப் பதில் வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போடுங்கள். இணைய நிறுவனம் உங்களுக்கெனத் தனி முகவரி தராமல் பலருக்கும் ஒன்றையே பகிர்ந்து தந்தாலும் டெயில்ஸ்கேல் வேலை செய்யும்.