'ஹியர்' என்பதும் 'லிஸின்' என்பதும்



சில காலத்திற்கு முன் முதிய தாயொருவர் மனத்தாங்கலோடு என்னைக் காண வந்தார். கனடாவில் வளரும் அவருடைய பேத்தி தொலைபேசியில், "ஐ கான்ற் ஹியர் யூ, அம்மம்மா" என்று சொல்லிவிட்டாளாம். "நான் சொல்லுறதைக் கேக்கமாட்டன் எண்டு வெட்டொண்டாச் சொல்லிப்போட்டாள், சுவாமி" என்று கண்கலங்கினார்.

அந்தப் பிள்ளை சொன்னதோ, "உங்கள் குரல் எனக்குக் கேட்கவில்லை" என்பதுதான். 'ஹியர்' என்றால் 'கேள்' என்று பள்ளியில் படித்ததை அந்தத் தாய் மறக்கவில்லை. ஆனால் நம்முடைய 'கேள்' என்ற வினை ஒரே பொருளோடு நிற்பதில்லை. இடி முழக்கம் கேட்டது என்கிறோம். காதுகொடுத்துக் கேள் என்கிறோம். கடையில் விலை கேட்கிறோம். தாய் தகப்பன் சொற் கேட்டு நட என்கிறோம். இந்த நான்கிற்கும் நமக்கு ஒரே சொல் போதும். ஆங்கிலத்திற்குப் போதாது. விலை கேட்பதற்கு 'ஆஸ்க்' என்பது தனிச்சொல். மற்றவற்றையே 'ஹியர்', 'லிஸின்' என்னும் இரு வினைகளும் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஓசை தானாக வந்து காதில் விழுவது 'ஹியர்'. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது நிகழும். மனம் வைத்துச் செவிகொடுப்பது 'லிஸின்'. அது நாம் செய்யும் செயல். சொற்படி நடப்பதும் இதனுள் அடங்கும். சொல்வழி கேளாத பிள்ளையைக் குறித்து ஆங்கிலேயரும் 'லிஸின்' என்ற வினையையே எதிர்மறையாக்கிச் சொல்வர்.

இனி, இவற்றைப் பயன்படுத்தும் முறையைக் கவனியுங்கள்.

முதலாவது, 'லிஸின்' என்பதன் பின்னே யாரை, எதை என்று சொல்ல வேண்டுமானால் 'ரு' என்ற சொல் வரவேண்டும். 'லிஸின் மீ' என்பது பிழை. 'லிஸின் ரு மீ' என்பதே சரி. 'ஹியர்' என்பதற்கு அது வேண்டியதில்லை.

இரண்டாவது, ஓசை காதில் விழுவதைச் சொல்லும்போது பொதுவாக 'ஐ ஆம் ஹியரிங்' என்று சொல்வதில்லை. 'ஐ கான் ஹியர்' என்பதே வழக்கு. செவிகொடுத்துக்கொண்டிருப்பதை 'ஐ ஆம் லிஸினிங்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

மூன்றாவது, 'லிஸின்' என்பதை எழுதும்போது நடுவே 'ரீ' என்ற எழுத்து உண்டு; உச்சரிப்பில் இல்லை. பிள்ளைகள் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

'ஹியர்' என்பதற்குச் சில சிறப்பு வழக்குகளும் உள்ளன. நீதிமன்றம் வழக்கை விசாரிப்பதும், குருவானவர் பாவசங்கீர்த்தனம் கேட்பதும் 'ஹியர்' என்றே சொல்லப்படும். நாம் 'பூசை காண்பது' என்பதை ஆங்கிலக் கத்தோலிக்கர் நெடுங்காலமாக 'ஹியர் மாஸ்' என்று வழங்கி வந்தனர். ஒருவரிடமிருந்து கடிதமோ செய்தியோ கிடைப்பதற்கு 'ஹியர் ஃபுறொம்' என்பர்.

ஒரே சொல்லைக் கொண்டிருப்பதனால் தமிழர் இந்த வேறுபாட்டை அறியாதவர் என்று எண்ண வேண்டாம். திருக்குறளின் 42ஆம் அதிகாரம் 'கேள்வி'. கேள்வியறிவால் துளைக்கப்படாத செவி, ஓசையைக் கேட்டாலும் செவிட்டுச் செவியே என்ற கருத்தை வள்ளுவர் அங்கே சொல்கிறார். ஆங்கிலம் இரு சொற்களால் பிரித்ததை அவர் 'கேள்' என்ற ஒன்றைக் கொண்டே பிரித்துக் காட்டிவிட்டார்.

தொலைபேசியில் 'கான் யூ ஹியர் மீ?' என்று கேட்டால், அது குரல் வந்து சேருகிறதா என்ற கேள்வி. 'ஆர் யூ லிஸினிங் ரு மீ?' என்று கேட்டால், அது மனம் இங்கே இருக்கிறதா என்ற கேள்வி. முதலாவதற்கு உரத்துப் பேசினால் போதும். இரண்டாவதற்கு உரத்துப் பேசிப் பயனில்லை. ஒரே வீட்டில் இருந்தும் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை பெறாத தாய் தகப்பன்மாரும் உண்டு, பிள்ளைகளும் உண்டு.

அந்த அம்மாவிடம், "அடுத்த முறை பேத்தி அப்படிச் சொன்னால் கோபியாமல் கொஞ்சம் பலத்துப் பேசுங்கோ" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

பயிற்சி: பின்வருவனவற்றிற்கு ஆங்கிலத்தில் எந்த வினை பொருந்தும்?

1. இரவில் நாய் குரைப்பது கேட்டது.
2. வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
3. வைத்தியர் சொல்வதைக் கவனமாய்க் கேள்.
4. மகனிடமிருந்து ஒரு மாதமாய்ச் சேதி இல்லை.
5. மீன்காரரிடம் விலை கேட்டேன்.

விடைகள்: 1, 4 — ஹியர். 2, 3 — லிஸின். ஐந்தாவதற்கு இரண்டும் பொருந்தா, அது 'ஆஸ்க்'. அதில் ஏமாந்தவர்கள் கட்டுரையை இன்னொரு முறை வாசிப்பார்களாக!