வஸ்வாஸும் வீட்டாரும்

ஒளூவில் ஓர் உறுப்பை மும்முறை கழுவுவது சுன்னத்து. அதற்கு மேல் கழுவுவது மக்ரூஹ். மதரஸாவில் ஓதும் பிள்ளையும் அறிந்த சட்டம் இது. ஆனால் சிலருக்கு முப்பது முறை கழுவியும் மனம் அடங்குவதில்லை. முழங்கை நனைந்ததா, நிய்யத் சரியாக வைத்தேனா, துணியில் நஜீஸ் தெறித்ததா என்று ஐயத்தின் மேல் ஐயம். தொழுகையின் வக்தே கடந்துவிடுகிறது. இதனை நம் முன்னோர் வஸ்வாஸ் என்றார்கள். இமாமுல் ஹரமைனின் தந்தையார் அபூ முஹம்மது ஜுவைனீ அவர்கள் இதற்கெனத் தனி நூலே எழுதினார்கள். இவ்வளவு முற்றிய நிலையை இன்றைய மருத்துவர்கள் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள்.

இங்கே வீட்டாரைப் பற்றிப் பேச வேண்டும். “உம்மா, சரியாகக் கழுவினேனா?” என்று மகள் கேட்கிறாள். “கழுவிவிட்டாய், போய்த் தொழு” என்கிறார் தாய். சற்று நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. வாப்பா இன்னொரு குடம் தண்ணீர் இறைத்து வைக்கிறார். துவைத்த துணியை ராத்தா மீண்டும் அலசிக் கொடுக்கிறாள். எல்லாம் பாசத்தால்தான். ஆனால் ஒவ்வொரு பதிலும் ஐயத்தைச் சிறிது நேரம் தணித்து, அடுத்த முறை இன்னும் பலமாக எழச் செய்கிறது.

வேறு நாடுகளிலும் இதே கதைதான். கெய்ரோவில் 90 நோயாளிகளை ஆராய்ந்து 1994-ல் வெளியிட்ட அறிக்கையில், மார்க்கம், சுத்தம் பற்றிய ஐயங்களே மிகுதியாகக் காணப்பட்டன. கதவுப் பூட்டையும் அடுப்பையும் திரும்பத் திரும்பச் சோதிப்போர் எங்கும் உண்டு. அமெரிக்காவில் 1995-ல் வெளியான ஆய்வில், குடும்பத்தாரில் பெரும்பாலோர் நோயாளியின் செயல்களில் தாமும் பங்கு கொண்டிருந்தது தெரிந்தது.

உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. ஒளூ முறிந்ததோ என ஐயுறுபவர், சப்தத்தையோ வாடையையோ அறியாத வரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்று ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவர்கள் ஒளூச் செய்ததோ ஒரு முத் அளவுத் தண்ணீரில். அதாவது இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு, ஒரு லிட்டர்கூட இல்லை.

இந்தச் சட்டத்தை ஒரு முறை சொல்லுங்கள். பத்தாவது முறையும் சொன்னால் அதுவும் நோய்க்குத் தீனிதான். ஒரே மஸ்அலாவுக்குத் தினமும் பதில் தரும் ஆலிம்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஈமான் குறைவென்று ஏசுவது அதைவிடக் கொடுமை.

உதவியைத் திடீரென நிறுத்திவிட வேண்டாம். மனநல மருத்துவரைக் கலந்து, நோயாளியிடமும் முன்கூட்டியே பேசி, படிப்படியாகக் குறையுங்கள். ஒளூவுக்கு இரண்டு செம்புத் தண்ணீர் என்று அவரே ஒப்புக்கொண்டால், அதை மட்டும் எடுத்து வையுங்கள். அவர் அழக்கூடும், கோபிக்கவும் கூடும். அந்த நேரம் அருகிலேயே இருங்கள். மூன்றாவது செம்பை மட்டும் கொண்டுவர வேண்டாம்.