மொறிஸ் மைனரின் சோக் திரும்பவில்லையா? கழுவுவதா, பாகம் மாற்றுவதா, புதிது வாங்குவதா

காலையில் கார் கிளம்ப மறுத்தால் எல்லோரும் சோக்கைப் பார்ப்பார்கள். கிளம்பிவிட்டால் அதை மறந்துவிடுவார்கள். பழைய மொறிஸ் மைனரின் எஞ்சினுக்கு உண்மையான கேடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இழுத்த சோக் முழுதாகத் திரும்பாவிட்டால் நாள் முழுக்கத் தேவைக்கு மேல் பெற்றோல் உள்ளே போகும். பிளக்குகளில் கரி படியும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ரிங்குகளும் சிலிண்டரும் சத்தமில்லாமல் தேயும்.

ஆகவே சோக் இணைப்பைத் திருத்தப் பல வழிகள் இருந்தாலும் அவற்றை நிறுத்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: இந்த வேலைக்குப் பிறகு, கார்புரேற்றருக்குள் பெற்றோல் வரும் ஜெற் ஒவ்வொரு முறையும் தானாகத் தன் இடத்துக்கு ஏறுமா?

இணைப்பு வேலை செய்யும் விதம்

பல கார்களில் சோக் என்பது காற்று வரும் வாயை மறைக்கும் ஒரு தகடு. மைனரிலுள்ள எஸ்யூ கார்புரேற்றரில் அந்தத் தகடு கிடையாது. பெற்றோல் வரும் ஜெற்றே கீழே இறங்கும். கூரான ஊசிக்கும் ஜெற் வாய்க்கும் இடையிலுள்ள வெளி அகன்று கலவை செறிவாகும்.

1962இல் வந்த 1098 சிசி மைனரில் எச்எஸ்2 வகை கார்புரேற்றர் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் ஒரு கேம் நெம்பு உண்டு. டாஷ்போர்டிலுள்ள குமிழை இழுத்தால் வயர் அந்த நெம்பைத் திருப்பும். இழுப்பின் முதல் பகுதியில் கேம், திறொட்டிலின் வேக ஆணியை மட்டும் தள்ளி எஞ்சின் ஓட்டத்தைச் சற்று உயர்த்தும். மேலும் இழுத்தால்தான் இணைப்புத் துண்டு ஜெற்றைக் கீழே இழுக்கும். திரும்பும் வேலையை நெம்பின் அச்சைச் சுற்றியுள்ள சிறு ஸ்பிறிங்குகள் செய்கின்றன. 1956இல் வந்த 948 சிசி மைனரின் எச்2 வகையில் அமைப்பு வேறு: கவை வடிவ நெம்பும் பின்களும் ஜெற்றை இறக்கும். ஜெற்றைச் சுற்றிக் கசிவைத் தடுக்கத் தக்கை வளையங்கள் இருக்கும்.

முதலில் குற்றவாளியைப் பிடியுங்கள்

எஞ்சின் ஆறிய பிறகு, பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டு, நெருப்பு எதுவும் அருகில் இல்லாதபோது பாருங்கள். ஒருவர் குமிழை முழுதாக இழுத்துத் திரும்பத் தள்ளட்டும். நீங்கள் ஜெற்றின் அடியை விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். கொஞ்சமாவது ஏறினால் அது முழுதாகத் திரும்பியிருக்கவில்லை.

அடுத்து கேம் நெம்பிலிருந்து வயரை விடுவித்து, நெம்பைக் கையால் இழுத்து விடுங்கள். எல்லாம் சட்டென்று மேலே ஏறினால் குற்றம் வயரில். நெம்பே மந்தமாகத் திரும்பினால் குற்றம் அச்சில் அல்லது ஸ்பிறிங்கில். நெம்பு திரும்பியும் ஜெற் தொங்கினால் குற்றம் ஜெற்றில், அதன் குழாயில் அல்லது இணைப்புத் துண்டில். இந்தப் பரிசோதனைக்குச் செலவு கிடையாது. இதைச் செய்யாமல் பாகம் வாங்கப் போகாதீர்கள்.

வழி 1: கழுவி எண்ணெயிடுதல்

நெம்பு மந்தமாக இருந்து, ஸ்பிறிங் முறியாமல், துளைகள் நீளாமல் இருந்தால் இதுவே போதும். பெற்றோல் பிசினும் தூசியும் அச்சில் இறுகியிருக்கும். கார்புரேற்றர் கழுவும் திரவத்தால் கழுவி, தையல் மெசின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயைத் துளியாக விடுங்கள். கிறீஸ் பூசவேண்டாம், நம் ஊர்த் தூசியை அது இழுத்துப் பிடித்துச் சில மாதங்களில் மீண்டும் இறுக்கும். எச்2 வகையில் தக்கை வளையம் காய்ந்து ஜெற்றைப் பிடித்திருந்தால் கழுவுவது தற்காலிகத் தீர்வுதான், வளையங்களை மாற்றவேண்டும்.

வழி 2: வயர் மாற்றுதல்

வயர் உறைக்குள் துருவேறியிருந்தாலோ ஓரிடத்தில் மடிந்திருந்தாலோ எண்ணெய் விட்டுக் காலங்கடத்தாதீர்கள். மடிந்த வயர் ஒருபோதும் நேராகாது. புதிதைக் கூர்மையான வளைவு இல்லாமல் கொண்டுசெல்லுங்கள். குமிழ் முழுதாக உள்ளே இருக்கும்போது, நெம்பு அசையத் தொடங்குமுன் வயரில் ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர் தளர்வு இருக்கவேண்டும். இழுத்துப் பிடித்துக் கட்டினால் புது வயரே ஜெற்றைத் திரும்பவிடாது.

வழி 3: ஸ்பிறிங், இணைப்புத் துண்டு, பின் மாற்றுதல்

முறிந்த ஸ்பிறிங்குக்குப் பதிலாகக் கையில் கிடைத்த வேறொரு ஸ்பிறிங்கைக் கொளுவுவது பல கராஜ்களில் நடக்கிறது. இழுவை கூடினால் குமிழ் நிற்காது, வயர் தேயும். குறைந்தால் ஜெற் ஏறாது. சரியான ஸ்பிறிங் மலிவானது. எஸ்யூ பாகங்களை இங்கிலாந்தின் சோல்ஸ்பரியிலுள்ள பர்லன் நிறுவனம் இன்றும் தயாரிக்கிறது. எச்2 வகையில் தேய்ந்த பின்களை மாற்றுவதே பல நேரங்களில் முழுத் திருத்தமாகிவிடும். அதிகம் பேருக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

வழி 4: தேய்ந்த துளைக்குப் புஷ் போடுதல்

நெம்பின் துளை முட்டை வடிவமாகிவிட்டால் அது பக்கவாட்டில் சாய்ந்து சிக்கும். நல்ல லேத் வேலைக்காரர் துளையை வட்டமாக்கிப் பித்தளைப் புஷ் போட்டுத் தருவார். சரியான பாகம் கைக்கு வர நாளாகும் இடங்களில் இது மதிப்புள்ள வழி. காரின் அசல் பாகமும் காரிலேயே இருக்கும். ஆனால் துளையின் மையம் சற்று விலகினாலும் கேம் வேக ஆணியைத் தொடும் நேரம் மாறிவிடும். துல்லியமாகச் செய்யும் கை கிடைக்காவிட்டால் புது நெம்புக்குக் காத்திருங்கள்.

வழி 5: ஜெற்றை மாற்றுதல்

எச்எஸ்2 ஜெற்றின் அடித்தலை பிளாஸ்ரிக்கால் ஆனது. இணைப்புத் துண்டைப் பிடிக்கும் சிறு ஆணியை அளவுக்கு மீறி முறுக்கினால் அதன் மரை அழிந்துவிடும். மிதவைக் கிண்ணத்திலிருந்து வரும் நைலோன் குழாய் பழசாகி விறைத்தாலும் அது ஜெற்றை முறுக்கிப் பிடிக்கும். இரண்டுக்கும் மருந்து குழாயோடு சேர்ந்த புது ஜெற். கழற்றுமுன், ஜெற்றின் கீழுள்ள கலவை நட்டை முழுதாக மேலேற்ற எத்தனை பட்டை திருப்பவேண்டியிருக்கிறது என்று குறித்துவையுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே இடத்திலிருந்து தொடங்கலாம். பூட்டியபின் கார்புரேற்றரின் மேல்பகுதியில் ஊசியைத் தாங்கும் பிஸ்ரனை உயர்த்தி விடுங்கள். ‘டக்’ என்று தெளிவாக விழவேண்டும். ஜெற்றை இறக்கியபோது ஒரு சத்தமும் ஏற்றியபோது மந்தமான இன்னொரு சத்தமும் கேட்டால் ஊசி உரசுகிறது, ஜெற்றை மையப்படுத்தவேண்டும்.

வழி 6: முழுக் கார்புரேற்றர் மாற்றுதல்

சோக் இணைப்புக்காக மட்டும் இதைச் செய்வது வீண் செலவு. திறொட்டில் அச்சும் தேய்ந்து காற்றை உறிஞ்சினாலோ கார்புரேற்றர் உடல் வெடித்திருந்தாலோ மட்டுமே யோசியுங்கள். பழைய மினியிலிருந்து கழற்றிய எச்எஸ்2 வாங்கும்போது கவனம் தேவை. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஊசி வேறு. 1098 சிசி மைனருக்குரிய ஊசி ‘ஏஎன்’; 850 சிசி மினிக்கு ‘ஈபி’. கிண்ணத்தின் சாய்வும் நெம்புகளின் அமைப்பும் வேறுபடலாம்.

சோக்கே இல்லாமல் ஓட்டலாமா?

வெப்ப நாட்டில் சோக் எதற்கு என்று ஜெற்றை மேலே கட்டிவிடுவோர் உண்டு. சோக் இல்லாமல் கிளப்பும் இந்தப் பழக்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் அருமையாகியபோது, சிறிதளவு பெற்றோலைக் கார்புரேற்றரில் கையால் ஊற்றி எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வேறு வழியற்ற மக்களின் திறமை அது, மதிக்கவேண்டியது. பெற்றோல் கிடைக்கும் காலத்தில் அதைத் தொடரத் தேவையில்லை. திறந்த கார்புரேற்றரில் கையால் பெற்றோல் ஊற்றுவது தீவிபத்துக்கு வழி. அதோடு, நம் வெப்பத்திலும் இரவு முழுக்க நின்ற எஞ்சினுக்குச் சில விநாடியாவது செறிந்த கலவை உதவும்.

முடிவெடுக்க

- நெம்பு மந்தம், தேய்வு இல்லை: கழுவி எண்ணெயிடுங்கள்.
- வயரைக் கழற்றியதும் எல்லாம் சரி: வயரை மாற்றுங்கள்.
- ஸ்பிறிங் முறிவு, பின் தேய்வு: அந்தப் பாகத்தை மட்டும் வாங்குங்கள்.
- துளை நீண்டிருக்கிறது: புது நெம்பு, கிடைக்காவிட்டால் நல்ல லேத்தில் புஷ்.
- நெம்பு திரும்பியும் ஜெற் தொங்குகிறது: இணைப்புத் துண்டு சரியாக இருந்தால் குழாயோடு புது ஜெற்.
- திறொட்டில் அச்சும் தேய்ந்திருக்கிறது: முழுக் கார்புரேற்றர்.

எந்த வேலை முடிந்தாலும் எஞ்சின் சூடானபின் ஜெற்றின் அடியில் விரல் வைக்கும் அந்தப் பரிசோதனையை, எஞ்சினை நிறுத்தி, சுடும் புகைக்குழாயில் கை படாமல் ஒருமுறை செய்யுங்கள். சோக் முழுதாக உள்ளே இருக்கும்போது வேக ஆணிக்கும் கேமுக்கும் இடையில் மெல்லிய இடைவெளி தெரியவேண்டும். இரண்டும் சரியென்றால்தான் மெக்கானிக்குக்குக் கூலி கொடுங்கள்.