சவரமும் சரும எரிச்சலும்: தம்பதியர் அறிய வேண்டியவை



ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் பார்க்கப் புறப்படும் காலை. அல்லது இராஜபாளையத்தில் மில் ஷிப்டுக்கு ஓடும் காலை. அவசரத்தில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, பழைய பிளேடால் ஒரே வழியாக வழித்துவிட்டுக் கிளம்புகிறோம். மாலையில் பார்த்தால் கழுத்தெல்லாம் சிவந்த கொப்புளம், அரிப்பு. "சூட்டுக் கொப்புளந்தான், விடு" என்பார்கள். சூடு அல்ல, சவரம் செய்த முறையே காரணம்.

ஏன் வருகிறது?

காய்ந்த முடி விறைப்பாக இருக்கும். மழுங்கிய பிளேடு அதை வெட்டாமல் இழுக்கும், தோலையும் சுரண்டும். எதிர்த்திசையில் ஒட்ட வழித்தால் முடியின் நுனி தோலுக்குள்ளேயே திரும்பி வளரும். சுருட்டை முடிக்காரருக்கு இது அதிகம். வியர்வையும் தூசியும் பட்டால் எரியும். கிருமி புகுந்தால் சீழ் வைக்கும்.

செய்ய வேண்டியவை

1. குளித்த பின்போ, வெதுவெதுப்பான நீரில் முகத்தை நனைத்த பின்போ சவரம் செய்யுங்கள்.

2. சோப்பு நுரையைப் பூசி 2 அல்லது 3 நிமிடம் ஊறவிடுங்கள்.

3. முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல் வழியுங்கள். ஒவ்வொரு தடவையும் பிளேடை அலசுங்கள்.

4. ஒரு பிளேடு 5 முதல் 7 சவரத்துக்குப் போதும். பிறகு மாற்றுங்கள்.

5. முடிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

எரிச்சல் வந்துவிட்டால், ஆறும்வரை சவரம் வேண்டாம். உள்ளே வளர்ந்த முடியை ஊசியால் நோண்டாதீர்கள். சீழோ காய்ச்சலோ கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

ஒருவர் பிளேடு ஒருவருக்கே

"ஏங்க, ஒங்க பிளேடக் கொஞ்சம் குடுங்க" என்று மனைவி கேட்பதும், அண்ணன் பிளேடைத் தம்பி எடுப்பதும் வீட்டில் சகஜம். இதில்தான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத இரத்தம் பிளேடில் ஒட்டியிருக்கும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். அது தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்கும் தொற்றும். ஆகவே பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தவறாதீர்கள்.

சலூனிலும், இருக்கன்குடியில் பிள்ளைக்கு மொட்டை போடும்போதும், "புது பிளேடு போடுங்கண்ணே" என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே மாற்றட்டும். படிகாரக் கல்லையும் பலர் முகத்தில் தேய்ப்பது கூடாது.

பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் முன்

"பிரசவத்துக்குப் போகுமுன் வழிச்சிட்டுத்தான் போகணுமாம்மா?" என்று பெண்கள் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. சுகப் பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வயிறு பெருத்த நிலையில் குனிந்து மழித்தால் காயந்தான் மிஞ்சும்.

குடும்ப நல ஆபரேஷனுக்கு வரும் ஆண்களும் முதல் நாள் வீட்டில் மழிக்க வேண்டாம். பிளேடு கீறிய இடத்தில் கிருமி பெருகும். தேவைப்பட்டால் மருத்துவமனையிலேயே முடியைக் கத்தரித்துவிடுவார்கள். குளித்து, சுத்தமான உள்ளாடை அணிந்து வந்தால் போதும்.

பழைய பிளேடைக் குப்பையில் எறியாமல் மூடிய டப்பாவில் போடுங்கள். ஓடி விளையாடும் பிள்ளைகளின் பாதத்தை எண்ணிப் பாருங்கள்.

நனைத்து வழிப்போம்! தனித்தனி பிளேடு வைப்போம்! குடும்ப நலம் காப்போம்!