டையைவிடத் தடித்து வருவது ஏன்?

கேள்வி: எங்கள் பட்டறையில் 10 மி.மீ. துளையுள்ள டையில் பாலிஎத்திலீன் கம்பி தயாரிக்கிறோம். வெளியே வந்ததும் அதைவிடத் தடித்துவிடுகிறது. டை தேய்ந்துவிட்டதா?

பதில்: டையின் மேல் பழி போடாதீர்கள். உருகிய பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். சும்மா விட்டால் சிக்குண்ட நூல்கண்டாகச் சுருண்டு கிடக்கும். குறுகிய துளைக்குள் அழுத்தித் தள்ளும்போது, ஓட்டத்தின் திசையில் இழுபட்டு நீள்கின்றன. வெளியே வந்ததும் பிடிப்பு விட்டுப்போகிறது, மறுபடி சுருள்கின்றன. நீளவாக்கில் குறுகுவதால் பக்கவாட்டில் உப்புகின்றன. சங்கிலிகளே இல்லாத சாதாரணத் திரவம்கூட, கெட்டியாக இருந்து மெதுவாக வெளிவந்தால் சுமார் 13 சதவீதம் தடிக்கும். பாலிமரோ இரண்டு மடங்கைக்கூடத் தொடும். 1893-இல் இதைப் பதிவுசெய்த அமெரிக்க இயற்பியலாளர் கார்ல் பாரஸின் பெயரால் ‘பாரஸ் விளைவு’ என்பார்கள்.

தள்ளும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், உப்பல் குறையும். உற்பத்தியும் குறையும் என்பதால் முதலாளிக்குப் பிடிக்காது! டையின் நேரான பகுதியை நீட்டுவது மேல். நுழைவாயிலில் பட்ட இழுவையிலிருந்து சங்கிலிகள் உள்ளேயே ஓரளவு தளர்ந்துவிடும். வெளிவரும் கம்பியைச் சற்று வேகமாக இழுத்தெடுத்தும் தடிமனைச் சரிக்கட்டலாம். சதுரக் கம்பி என்றால் தனிச் சிக்கல்: பக்கங்களின் நடுப்பகுதி மூலைகளைவிட அதிகம் உப்பும். அதனால் டையின் பக்கங்களை உள்வளைவாக வெட்ட வேண்டும்.