ஃபயர் ஆபீசில் என்ன வேலை?

காலையில் ஆமத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். "எங்கே வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டால், "ஃபயர் ஆபீசுக்கு" என்று பதில் வரும். பட்டாசுத் தொழிற்சாலை என்பது கேட்டவருக்கு உடனே புரிந்துவிடும். தீப்பெட்டித் தொழிற்சாலையும் அப்படித்தான். அது தீப்பெட்டி ஆபீஸ். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இது அன்றாடப் பேச்சு.

இதையே ஒரு மாணவி ஆங்கிலக் கட்டுரையில், 'மை மதர் வொர்க்ஸ் இன் எ ஃபயர் ஆபீஸ்' என்று எழுதுகிறாள் என வைத்துக்கொள்வோம். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வெளியூர்க்காரர் படித்தால், அவள் தாயார் மேசை முன் அமர்ந்து கணக்கு எழுதுகிறார் என்றே நினைப்பார். இங்கிலாந்தில் 'ஃபயர் ஆபீஸ்' என்பது தீக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வழங்கிய பழைய பெயர். லண்டனில் 1710-ல் தோன்றிய 'சன் ஃபயர் ஆபீஸ்' அப்படிப்பட்டது. வேடிக்கையைப் பாருங்கள்! அது தீப்பிடித்த பிறகு பணம் தரும் இடம். நம்முடையது தீயே நெருங்கக் கூடாத இடம்.

'ஆபீஸ்' என்ற சொல்லின் மூலம் லத்தீன் மொழியின் 'ஒஃபீசியம்'. அதற்குக் கடமை என்று பொருள். கடமை என்பது பதவியாயிற்று. பதவியில் இருப்பவர் அமரும் இடமும் ஆயிற்று. அந்தப் பழைய பொருள் இன்னும் அழியவில்லை. விருதுநகரில் பிறந்த காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். அதை, 'காமராஜ் வாஸ் இன் ஆபீஸ்' என்று எழுதலாம். நடுவே 'தி' சேர்த்து 'இன் தி ஆபீஸ்' என்றால், அறைக்குள் இருந்தார் என்றாகிவிடும்! 'டேக் ஆபீஸ்' என்றால் பதவி ஏற்பது.

அலுவலகம் என்ற பொருளைத் தொழிற்சாலை வரை நீட்டியது நம் வட்டாரத் தமிழ். அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். வந்த சொல் வந்த இடத்துக்கேற்ப வளரும். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் 'ஃபயர்வொர்க்ஸ் ஃபேக்டரி' என்று எழுதுங்கள். 'வொர்க்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' விடுபடக் கூடாது. வாசலருகே சம்பளக் கணக்குப் பார்க்கும் அறை இருக்கிறதே, அதுதான் அந்த ஃபேக்டரியின் ஆபீஸ்.

விண்ணப்பப் படிவத்தில் பெற்றோர் தொழில் கேட்கும்போது இந்த வேறுபாடு முக்கியம். 'ஆபீஸ் வொர்க்' என்று எழுதினால் எழுத்தர் வேலை என்றே கொள்வார்கள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி இவற்றின் நடுவே அந்தத் தாய் செய்யும் ஆபத்தான உழைப்பு அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகும். மருந்து அடைக்கிறார் என்பதை 'மெடிசின்' என்று மொழிபெயர்த்தாலோ ஆஸ்பத்திரிக்கே போய்விடுவோம்! அங்கே 'கெமிக்கல் மிக்ஸ்சர்' என்பதே பொருந்தும்.

ஒரு பயிற்சி: 'மழை பெய்கிறது, இன்று ஃபயர் ஆபீஸ் லீவு.' இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். 'ஆபீஸ்' மட்டுமல்ல, 'லீவு' என்ற சொல்லும் இங்கே சறுக்கும். லீவு எடுப்பவர் மனிதர். தொழிற்சாலை 'க்ளோஸ்ட்' என்றுதான் எழுத வேண்டும்.